மன்னருக்குப் பாட்டு, மாட்டுக்காக மாண்டவருக்குக் கல்

புறநானூற்று வீரனுக்கும் ஹோமர் பாடிய கிரேக்க வீரனுக்கும் கவலைகள் இரண்டு. உயிரோடு இருக்கும்போது தனக்குரிய மரியாதை கிடைக்கிறதா என்பது ஒன்று. செத்த பிறகு தன் பெயரை யார் சொல்வார்கள் என்பது இன்னொன்று. முதலாவது கண்ணால் பார்க்கக்கூடியது: விருந்தில் உட்காரும் இடம், பங்காக வரும் கறி, கள், கொள்ளையில் கிடைக்கும் பாகம், நிலம், யானை. இரண்டாவதற்கு உருவம் இல்லை. அதைப் பாட்டில் ஏற்ற வேண்டும் அல்லது கல்லில் வெட்ட வேண்டும். இரண்டுமே அடுத்தவர் கையில் இருப்பவை. எவ்வளவு பெரிய வீரனும் தன் புகழைத் தானே செய்துகொள்ள முடியாது. ஊரார் கொடுத்தால்தான் உண்டு.

ஹோமரின் பெயரால் வழங்கும் இலியட், ஒடிஸி ஆகிய இரு காப்பியங்களும் கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி உருப்பெற்றவை என்பது பொதுவான கருத்து. இலியட் மட்டுமே 24 காண்டங்கள், 15,000க்கு மேற்பட்ட அடிகள். புறநானூற்றின் அமைப்பே வேறு. 400 தனிப்பாடல்கள், பல புலவர்கள், பெரும்பாலானவை கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளை ஒட்டியவை. 1894இல் உ.வே.சாமிநாதையர் அச்சில் கொண்டுவரும்வரை ஏட்டில் கிடந்தவை. கிரேக்கத்தில் ஒரே நீண்ட கதை ஓடுகிறது. தமிழில் துண்டு துண்டாகக் காட்சிகள் நிற்கின்றன. ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுந்ததற்கும் சான்று இல்லை. ஆனாலும் இரண்டிலும் வீரர்கள் கூச்சப்படுவதும் கோபப்படுவதும் சாகத் துணிவதும் ஏறக்குறைய ஒரே காரணங்களுக்காகத்தான்.

இந்தப் பேச்சில் திண்டுக்கல் சீமைக்கு இரட்டை உரிமை உண்டு. பாட்டில் இடம்பெற்ற பேகன் பழனி மலைக்காரன். கல்லில் இடம்பெற்றவர்களோ வைகைக் கரையில், பெயரைத் தவிர வேறெதையும் விட்டுச்செல்லாத ஊர்க்காரர்கள்.

வைகைக் கரைக் கற்கள்

2006இல் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் உள்ள புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜனும் அவருடைய ஆய்வு மாணவர்களும் மூன்று நடுகற்களைக் கண்டறிந்தார்கள். மூன்றிலும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து. எழுத்தின் அமைப்பைக் கொண்டு அவை கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியவை எனக் கணிக்கப்படுகின்றன. பிற்கால நடுகற்களில் காணும் வில்லேந்திய வீரன் உருவம் இவற்றில் கிடையாது, எழுத்து மட்டும்தான். அவற்றில் ஒன்று, தீயன் அந்தவன் என்பவன் கூடலூரில் நடந்த ஆகோளில் பட்டதற்கு எடுத்த கல் என்று படிக்கப்பட்டிருக்கிறது. ஆகோள் என்பது எதிரியின் மாட்டு மந்தையைக் கவர்ந்துவரும் தாக்குதல். அரசன் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, வீரனைப் பற்றி ஒரு புகழ்ச்சொல்கூட இல்லை. ஆள், ஊர், செத்த காரணம் - அவ்வளவுதான்.

அதே வைகைப் பகுதியில், திண்டுக்கல் மாவட்டத்துத் தாதப்பட்டியிலும் தமிழி எழுத்துள்ள நடுகல் கிடைத்தது. புதுக்கோட்டை அருகே பொற்பனைக்கோட்டையிலும் ஒன்று வெளிப்பட்டது. இவற்றின் மதிப்பு பழமையில் மட்டும் இல்லை. எழுத்து வெட்டிய நடுகல் வழியோரங்களில் நிற்பதாக ஐங்குறுநூறும் அகநானூறும் பேசுகின்றன. எழுத்தின் கோடுகள் தேய்ந்துபோனதால் வழிப்போக்கர்கள் வேறு பொருள்படப் படிக்கிறார்கள் என்றுகூட அகநானூற்றுப் பாடல் ஒன்று சொல்கிறது. ஆனால் அந்தக் காலத்துக் கல் ஒன்றுகூட அதுவரை கைக்குக் கிடைக்காமல் இருந்தது. புலிமான்கோம்பைக்குப் பிறகு பாட்டும் கல்லும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன.

மாட்டுக்காக உயிரை விடுவது இன்றைய வாசகருக்கு அற்பமாகத் தோன்றலாம். அன்றைக்கு மாடுதான் செல்வம். மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் உண்டு. மழை குறைந்த இந்த மேட்டுநிலத்தில் விளைச்சலை நம்பியவரைவிடக் கால்நடையை நம்பியவர்களே அதிகம். திண்டுக்கல் - திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள அய்யலூரில் வியாழன்தோறும் கூடும் ஆட்டுச்சந்தையில் இன்றும் கல்யாணச் செலவு, பள்ளிக் கட்டணம், திருவிழாச் செலவு எல்லாம் நாலு காலில் நின்றுதான் விலைபோகின்றன. ஒரு மந்தை களவு போனால் ஊரின் வாழ்வே போன காலத்தில், அதைத் தடுத்துச் செத்தவனை ஊர் மறக்காமல் வைத்துக்கொண்டதில் வியப்பில்லை. மாடு கவர்வதை வெட்சி என்றும், மீட்பதைக் கரந்தை என்றும் தமிழ் இலக்கணம் திணை வகுத்தே வைத்திருக்கிறது. ஊர் கல் நட்டது இரு தரப்பாருக்கும்தான். கவரப் போய்ச் செத்தவனுக்கும் உண்டு, மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் உண்டு. இதில் தர்ம நியாயம் பார்க்கப்பட்டதாகத் தெரியவில்லை.

கிரேக்கத்திலும் இதே கதை. டிராய் நகர முற்றுகைக்கு வந்த அக்கிலீஸ், இந்த நகரத்தார்மேல் எனக்குத் தனிப்பட்ட பகை ஏது, இவர்கள் என் மாட்டையோ குதிரையையோ ஓட்டிக்கொண்டு போனதில்லையே என்று கேட்கிறான். கிழவன் நெஸ்டர் தன் இளமைப் பெருமையைச் சொல்ல வாய் திறந்தால், எலிஸ் நாட்டிலிருந்து தான் ஓட்டிவந்த 50 மாட்டு மந்தைகள், 50 ஆட்டு மந்தைகள், 150 குதிரைகள் என்று கணக்குதான் வருகிறது. வெட்சித் திணைக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

கல் எடுக்கும் முறை

நடுகல் எடுப்பதைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது: தக்க கல்லைத் தேர்ந்து காண்பது, அதைக் கொண்டுவர நாள் குறித்துத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. புறப்பாடல்கள் இதற்கு உயிர் கொடுக்கின்றன. கல்லில் பெயர் பொறிக்கிறார்கள், மயிற்பீலி சூட்டுகிறார்கள், சிவந்த பூமாலை போடுகிறார்கள், கள் வார்க்கிறார்கள். நடுகல்லைத் தவிரக் கும்பிடத்தக்க கடவுள் வேறில்லை என்று மாங்குடி கிழார் ஒரு பாடலில் சொல்லிவிடுகிறார். அதியமானின் நடுகல் முன் சின்னக் கலத்தில் கள் வைப்பதைப் பார்த்த ஔவையார், நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதை ஏற்றுக்கொள்வானா என்று குமுறுகிறார்.

இந்த வழிபாட்டின் சாயல் இன்னும் அழியவில்லை. தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். வேறு இடங்களில் பட்டவன் சாமி. அய்யலூர் வண்டிக் கருப்பணசாமி கோயிலில் லாரிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவதைப் பார்ப்பவருக்கு, வழியோரக் காவல் தெய்வத்துக்குப் பயணிகள் படையல் வைக்கும் சங்கப் பாடல் காட்சிகள் நினைவுக்கு வரும். கருப்பசாமியின் மூலம் நடுகல்தான் என்று இதைக்கொண்டு முடிவுகட்டிவிடக் கூடாது. படையலின் முறை ஒத்திருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

ஹோமரிடம் நடுகல்லுக்கு இணை மண்மேடு. இலியட்டின் 7ஆம் காண்டத்தில் டிராய் வீரன் ஹெக்டர், தன்னோடு ஒற்றைக்கு ஒற்றை மோத வருமாறு கிரேக்கரை அழைக்கிறான். அங்கே அவன் பேசும் பேச்சு விசித்திரமானது. தான் கொன்றவனின் உடலைத் திருப்பித் தருவதாகவும், அவனுக்கு ஹெல்லஸ்பான்ட் கடலோரம் மேடு எழுப்பிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறான். பின்னாளில் அவ்வழியே கப்பலில் போகிறவன் அந்த மேட்டைக் காட்டி, இவனை ஹெக்டர் கொன்றான் என்று சொல்வானாம். தன் புகழ் அதனால் அழியாதாம். எதிரியின் சமாதியே தன் விளம்பரப் பலகை!

ஒடிஸியில் வரும் எல்பீனாருக்கு இந்தத் தோரணை எதுவும் இல்லை. குடித்துவிட்டுக் கூரைமேல் தூங்கி, தவறி விழுந்து கழுத்து முறிந்து செத்த ஒரு சாதாரணப் படகுக்காரன். ஆவியுலகில் தன் தலைவன் ஒடீசியஸைக் கண்டு அவன் கேட்பதெல்லாம், கடற்கரையில் ஒரு மேடு, அதன்மேல் தான் துழாவிய துடுப்பு. கேட்டபடியே செய்கிறார்கள். புலிமான்கோம்பைக் கற்களுக்குப் பக்கத்தில் நிற்கத் தகுந்தவன் ஹோமரில் இவன் ஒருவன்தான். மற்றபடி இலியட்டில் பெயர் பெறுகிறவர்கள் தலைவர்கள், தலைவர்களின் பிள்ளைகள். தெர்சைட்டீஸ் என்ற சாதாரண ஆள் சபையில் எழுந்து கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானைத் திட்டினால், ஒடீசியஸ் செங்கோலாலேயே அவன் முதுகில் ஒன்று போட்டு உட்காரவைக்கிறான், கூட்டமும் சிரிக்கிறது. தமிழ்நாட்டில் பாட்டு பெரும்பாலும் மன்னனையும் குறுநில வேளிரையும் சுற்றியே வந்தாலும், ஊர்க்காரனுக்குக் கல் என்ற வேறொரு வழி திறந்திருந்தது. இந்த வேறுபாடு சிறியதல்ல.

பங்கும் பரிசிலும்

இலியட்டின் கதையே ஒரு மரியாதைத் தகராறு. ஒன்பது ஆண்டுகள் போர் நடந்துவிட்டது. படைத்தலைவன் அகமெம்னான் தன் பங்காக வந்த பெண்ணைத் திருப்பிக் கொடுக்க நேர்கிறது. அதற்கு ஈடாக அக்கிலீஸுக்குப் பங்காகக் கிடைத்த ப்ரைசீஸைப் பறித்துக்கொள்கிறான். அந்தப் பங்கு படையினர் எல்லாரும் சேர்ந்து அக்கிலீஸின் வீரத்துக்காகக் கொடுத்தது. அதைச் சபை நடுவே பறிப்பது அவன் வீரத்தைச் செல்லாக்காசு ஆக்குவதாகும். அக்கிலீஸ் போரிலிருந்து விலகுகிறான், கிரேக்கர்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். பங்காக வந்த பெண்களின் மனம் என்ன என்பதைக் கவிஞர் அபூர்வமாகத்தான் எட்டிப்பார்க்கிறார்.

மரியாதைக்கும் உயிருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை ஒளிவுமறைவில்லாமல் சொல்பவன் லிசியா நாட்டுத் தலைவன் சார்பிடான். விருந்தில் நமக்கு முதல் இடம், நல்ல கறி, நிறைந்த கோப்பை, ஆற்றங்கரை நிலம் எல்லாம் ஏன் தருகிறார்கள் என்று தோழனிடம் கேட்டு, போரில் முன்வரிசையில் நின்றால்தான் இதற்குத் தகுதி என்று அவனே பதிலும் சொல்கிறான். தமிழில் இதைச் செஞ்சோற்றுக் கடன் என்பார்கள். மாடு கவர்ந்து வந்த பின் நடக்கும் உண்டாட்டில் யாருக்கு எவ்வளவு கள், யாருக்கு எந்தப் பங்கு என்பதெல்லாம் பாடல்களில் கவனமாகப் பேசப்படுகிறது. முன்னே நின்றவனுக்கு முதல் கலம். அவனும் ஒருநாள் அதைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும்.

தமிழ் மரபு தனித்து நிற்பது புலவனின் மரியாதையில். பாணருக்குப் பொற்றாமரை, புலவருக்கு யானையும் தேரும் என்று பரிசில் பட்டியல் நீளும். அதைவிட முக்கியமானது பரிசில் தரப்படும் விதம். மோசிகீரனார் என்ற புலவர் அறியாமல் முரசு கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார். முரசு வைக்கும் அந்தக் கட்டில் புனிதமானது, ஏறியவனை வெட்டலாம். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்காமல், புலவர் விழிக்கும்வரை நின்று கவரி வீசினான் என்கிறது புறநானூற்றின் 50ஆம் பாடல். பெருஞ்சித்திரனாரோ இன்னும் கறாரானவர். அதியமான் அவரை நேரில் பாராமலேயே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். என்னைக் காணாமல் தந்த பொருளை வாங்கிக்கொள்ள நான் வியாபாரி இல்லை என்று அவர் திருப்பிவிட்டார்.

இலியட்டின் 9ஆம் காண்டத்தில் இதே காட்சி வேறு உடையில் வருகிறது. தோல்வி முற்றிய பிறகு அகமெம்னான் சமாதானத் தூது அனுப்புகிறான். பத்துத் தாலந்து பொன், இருபது கொப்பரைகள், பன்னிரண்டு குதிரைகள், ஏழு நகரங்கள், தன் மகளையே மனைவியாக - பட்டியல் மலைக்க வைக்கும். அக்கிலீஸ் மறுக்கிறான். மனமார மன்னிப்பு இல்லை. நேரில் வரவும் இல்லை. பொருள் மட்டும் வந்திருக்கிறது. பெருஞ்சித்திரனார் அங்கே இருந்திருந்தால் அக்கிலீஸ் பக்கம்தான் பேசியிருப்பார்.

அவருடைய இன்னொரு குறும்பும் சொல்லத்தக்கது. இளவெளிமான் அற்பமாகக் கொடுத்ததை வாங்காமல், முதிரமலைத் தலைவன் குமணனிடம் போய் யானை பெற்று வந்தார். அதை இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிவிட்டு, இரப்பவருக்குக் கொடுக்கிறவர்கள் உலகில் உண்டு, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். காவல் மரத்தில் அயலான் யானையைக் கட்டுவது போரில் தோற்றவனுக்கு நேரும் அவமானம். வாளில்லாமல் அதைச் செய்ய ஒரு புலவனால் முடிந்தது.

பழிக்கு அஞ்சுதல்

புகழாசையைவிட வலுவானது பழியச்சம். ஹெக்டரின் மனைவி ஆண்ட்ரோமகி கைக்குழந்தையோடு வந்து கோட்டைக்குள்ளேயே இருக்கச் சொல்கிறாள். அவனுக்கும் நகரம் விழப்போவது தெரியும். அவள் அடிமையாகி அயலான் வீட்டில் தண்ணீர் சுமக்கப்போவதும் கண்முன் தெரிகிறது. ஆனாலும் போரிலிருந்து ஒதுங்கினால் ஊர் ஆண்களும் பெண்களும் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம் அவனை வெளியே தள்ளுகிறது. கடைசியில் அக்கிலீஸை எதிர்த்துத் தனியாக நிற்கும்போதும் அதே கணக்குதான்.

சேரமான் பெருஞ்சேரலாதன் வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதினான். மார்பில் பாய்ந்த வேல் முதுகு வழியே வெளிவந்ததால் முதுகிலும் புண். முதுகுப் புண் ஓடியவனின் அடையாளம் அல்லவா? சேரலாதன் ஓடவில்லை; ஆனாலும் நாணி, வடக்கிருந்து உண்ணாமல் உயிர்விட்டான். அப்போது வெண்ணியைச் சேர்ந்த குயத்தி ஒருத்தி, வென்ற கரிகாலனையே பார்த்து, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று கேட்டாள். வெண்ணிக்குயத்தியார் பெயரில் புறநானூற்றில் நிற்பது அந்த ஒரே பாட்டுதான். போரில் வென்றது ஒருவன், புகழில் வென்றது இன்னொருவன் என்று ஒரு மண்பாண்டக்காரப் பெண் தீர்ப்புச் சொல்ல, அதைத் தொகுப்பில் சேர்த்தும் வைத்தார்கள். ஹோமரின் உலகில் இதற்கு இடம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

படுக்கையில் சாவதும் இழுக்குதான். போரில் புண்படாமல் இறந்த அரசரைத் தருப்பைமேல் கிடத்தி, வாளால் கீறிப் புண் உண்டாக்கி அடக்கம் செய்தார்கள் என்று ஔவையாரின் பாடல் ஒன்று சொல்கிறது. செத்துப் பிறந்த குழந்தைக்கும் இந்த வழக்கம் உண்டு. சோழன் சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, தண்ணீர் கேட்டு அது தாமதித்து வந்ததால் குடிக்காமலே செத்தபோது நினைத்துப் பார்த்தது இதைத்தான். காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் கிழத்தாயோ, மகன் முதுகு காட்டினான் என்று யாரோ சொன்னதை நம்பி, அப்படியானால் அவன் பால்குடித்த முலையை அறுப்பேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். துண்டுபட்டுக் கிடந்த மகனைக் கண்டதும் பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். இந்தப் பாட்டு பள்ளிக்கூடங்களில் பெருமையோடு சொல்லிக்கொடுக்கப்படுகிறது. அந்தத் தாயின் காதில் அந்தப் பொய்யைப் போட்டது யார் என்று மாணவர்களைக் கேட்கச் சொல்வாரைத்தான் காணோம்.

பழனி மலைத் தலைவனும் நான்கு புலவர்களும்

ஆவியர் குடியைச் சேர்ந்த வையாவிக் கோப்பெரும் பேகனின் ஊர் பொதினி, அதாவது இன்றைய பழனி. மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்ற ஒற்றை வரியில் அவனைத் தமிழ்நாடு முழுக்க அறியும். போர்வையை மயில் போர்த்திக்கொள்ளாது, உடுத்திக்கொள்ளாது என்று தெரிந்தும் கொடுத்தானே என்பதுதான் அதைப் பாடிய பரணருக்கு வியப்பு. கொடைக்குப் பயன் பார்க்கவில்லை என்பது பொருள். ஹோமரின் வீரன் எதிரியைக் கொன்று பெறும் புகழைத் தமிழ்த் தலைவன் கொடுத்தும் பெறலாம். கடையெழு வள்ளல்கள் என்ற வரிசையே இதனால் உண்டானது.

ஆனால் பேகனைப் பற்றிய பாடல்கள் போர்வையோடு முடியவில்லை. அவன் மனைவி கண்ணகியை விட்டு வேறொருத்தியிடம் போய்விட்டான். அதன் பிறகு கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நான்கு புலவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அவன் வாசலில் வந்து நிற்கிறார்கள். புறநானூற்றின் 143 முதல் 147 வரை அந்த வழக்குதான். கபிலர் தெரியாதவர்போல, மலையில் பாடிக்கொண்டு வந்தபோது வாசலில் ஒரு பெண் விம்மி அழுதாளே, யார் அவள் என்று கேட்கிறார். பரணர் நேரே சொல்கிறார்: பசியென்று வரவில்லை, சுற்றத்தைக் காக்கவும் வரவில்லை, நீ இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதே எங்களுக்குப் பரிசில். அரிசில்கிழார் நகையும் செல்வமும் வேண்டாம் என்கிறார். பெருங்குன்றூர்கிழாரின் கவலை, எண்ணெய் காணாத அவள் கூந்தல் மறுபடி கழுவிப் பூச்சூட வேண்டும் என்பது.

பேகன் போனானா என்பதைப் பாடல்கள் சொல்லவில்லை. புலவர்கள் தங்கள் அதிகாரத்தை எங்கே வைத்து அழுத்தினார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பிறருக்கு அருள்செய்து பெயர் வாங்கியவன் வீட்டில் அருளில்லாமல் நடந்தால், பாடியவர்களே அதையும் பாடிவைப்பார்கள். மயிலும் கண்ணகியும் ஒரே தொகுப்பில் நிற்கிறார்கள்.

பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் இதை நன்றாக உணர்ந்தவன். இளையவன் என்று தன்னை இகழ்ந்தவர்களை வெல்லாவிட்டால் என்னென்ன கேடு வரட்டும் என்று அவன் சபதம் செய்கிறான். அந்தக் கேடுகளில் ஒன்று: மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் ஒழியட்டும். உயிர் போவது அந்தப் பட்டியலில் இல்லை.

கிரேக்கத்திலும் பாடகனுக்கு மதிப்பு உண்டு. கோபித்து ஒதுங்கிய அக்கிலீஸ் கூடாரத்தில் யாழ் மீட்டிப் பழைய வீரர்களின் புகழைப் பாடிக்கொண்டிருக்கிறான். ஒடிஸியில் கண்தெரியாத பாடகன் டெமோடோகஸ் டிராய்க் கதையைப் பாட, யாரென்று காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும் ஒடீசியஸ் முகத்தை மூடி அழுகிறான். பின்வரும் தலைமுறைகளுக்கு நாங்கள் பாட்டாகப் போகிறோம் என்று ஹெலனே சொல்கிறாள். ஆனால் ஹோமர் தன் பெயரைக் காப்பியத்தில் எங்கும் சொல்லவில்லை. எந்த மன்னனையும் முகத்துக்கு நேரே கேட்கவும் இல்லை. அவர் பாடும் வீரர்கள் என்றோ செத்தவர்கள். புறநானூற்றுப் புலவனோ எதிரே உயிரோடு இருப்பவனைப் பாடினான். அவனுடைய வாய்க்கு அதனால்தான் அத்தனை செல்வாக்கு.

இரு இலக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முறையாக ஆராய்ந்தவர் ஈழத்தவரான க. கைலாசபதி. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார். தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய அவருடைய ஆங்கில நூலை ஆக்ஸ்போர்டு 1968இல் வெளியிட்டது. ஹோமரின் பாட்டு வாய்மொழியாகக் கட்டப்பட்டது, திரும்பத் திரும்ப வரும் தொடர்களே அதற்குச் சான்று என்று மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் நிறுவியிருந்தார்கள். அதே அளவுகோலைக் கைலாசபதி சங்கப் பாடல்களில் வைத்துப் பார்த்தார். ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட தன் நூலில், பாணர்களின் வாய்மொழிப் பாட்டைப் பின்பற்றிப் புலவர்கள் இயற்றியவை இவை என்று வேறு விதமாக வாதிட்டார். விவாதம் இன்னும் முடியவில்லை. நடுகல்லில் எழுத்து அத்தனை முன்பே வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, எழுத்தறியாத சமூகத்தின் பாட்டு என்ற வாதத்தைக் கொஞ்சம் தளர்த்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

புகழின் விலை

அக்கிலீஸுக்குத் தாய் தீட்டிஸ் இரண்டு வழி சொல்லியிருந்தாள். டிராயில் நின்று போரிட்டால் சீக்கிரம் சாவு, அழியாத புகழ். ஊர் திரும்பினால் நீண்ட ஆயுள், பெயர் இல்லை. அவன் முதல் வழியை எடுத்தான். ஒடிஸியில் ஆவியுலகில் அவனைப் பார்க்கும் ஒடீசியஸ், இங்கேயும் நீதான் ராஜா என்று தேற்றப் பார்க்கிறான். செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, நிலமில்லாத ஏழை ஒருவனிடம் கூலிக்கு வேலை செய்துகொண்டு உயிரோடு இருப்பேன் என்கிறான் அக்கிலீஸ். புகழுக்காகச் செத்தவனே சொன்ன கணக்கு இது. இலியட் வெற்றியோடும் முடியவில்லை. பகைவன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிகிறது.

புறநானூற்றில் இந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் பெண்கள் குரலில் கேட்கலாம். வன்பரணர் பாடலில் ஒருத்தி, பாலையில் விழுந்து கிடக்கும் கணவனைத் தூக்கவும் முடியாமல் கத்தவும் பயந்து, கையைப் பிடித்து மலை நிழலுக்கு மெல்ல நடத்திப் போக நினைக்கிறாள். பாரியின் மகளிர் போன மாத நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் இருந்தது என்று எண்ணிப் பார்க்கிறார்கள். கோவூர்கிழார், ஒரே சோழர் குடியில் பிறந்து மோதிக்கொண்ட நலங்கிள்ளியையும் நெடுங்கிள்ளியையும் பார்த்து, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்றார். போரை நிறுத்தச் சொல்வதும் புலவன் வேலையாக இருந்தது.

பாடல் மரபு மாறிய பின்னும் கல் மரபு ஓயவில்லை. செங்கம் பகுதியில் பல்லவர் காலக் கற்கள் ஏராளம்; தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றை 1972இல் நூலாகவே வெளியிட்டது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்லில் கருந்தேவகத்தி என்ற வீரன் வில்லோடு நிற்கிறான். காலடியில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே ஒரு கல் இருக்கிறது. வீரம் காட்டினால் ஆடவனா, அரசனா, ஆறறிவா என்று பார்க்காத ஒரு மரபு இது. 1801இல் கம்பெனியார் தூக்கிலிட்ட விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கருக்கு, இதே திண்டுக்கல் மாவட்டத்தில் இன்று அரசின் மணிமண்டபம் நிற்கிறது.

நடுகற்கள் எல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போய்விடவில்லை. வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் புதருக்குள்ளும் இன்னும் கிடக்கின்றன. சில துவைக்கும் கல்லாகியிருக்கின்றன. சில சுண்ணாம்பு பூசப்பட்டு எழுத்து மூடிக் கிடக்கின்றன. உருவமோ கீறலோ உள்ள பழைய கல் கண்ணில் பட்டால் அதைப் பெயர்க்கவோ வண்ணம் பூசவோ வேண்டாம். ஒரு படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ தெரிவித்தால் போதும்.